இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அனுப்பாத சாமான்

சோலோதுர்ன் நகருக்கு மேலே, யூரா மலைச்சாரலில், பனி முதலில் விழுந்து கடைசியில் கரைகின்ற பீர்க்கன்ஹால்டெ மகளிர் விடுதிப் பள்ளியில், சலவையறையில் தொடங்கிச் சமையலறை வழியே விடுதித் தாயாக உயர்ந்து, முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமலும் முதுகு வளையாமலும் பணியாற்றி இன்று ஓய்வுபெறுகின்ற, எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய தில்லைநாயகி அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்த நாங்கள் உளம் நிறைந்து அளிக்கும் மடல்!

கண்டிப்பில் கனிந்த கனிவே! கனிவில் கலந்த கண்டிப்பே! விரித்த வெள்ளை விரிப்பில் ஒரு விரற்கடை மடிப்பு விழுந்தாலும் விடாது வினவும் விழிப்பே! பிள்ளை ஒருத்தி பாதிச் சோற்றில் எழுந்தால் பின்னாலேயே போய் என்ன ஏது என்று கேட்கும் பெருந்தாயே! வணக்கம், பல்லாயிரம் வணக்கம்!

இந்த அளவோடு அடைமொழிகளை நிறுத்தச் சொல்லி எங்களுக்கு உத்தரவு. மடலை எழுதியவர் தலைமைச் சமையற்காரர் அருட்செல்வன். இந்த மாநிலத்தில் இருபது வருடமாக நடந்த தமிழ்க் கல்யாணங்களில் பாதிக்கு ஒலிவாங்கி பிடித்தவர் அவர். விட்டால் அடைமொழியிலேயே மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிவிடுவார். அம்மையாரிடம் விடுதி வேலை பழகிய பவதாரணி சிவப்புப் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்து, 'தாயே'களில் ஒன்பதை வெட்டிய பிறகுதான் இது சபைக்கு வந்திருக்கிறது.

இன்னொன்று. மடல் என்றால் 'தாங்கள் இதைச் செய்தீர்கள், தாங்கள் அதைச் செய்தீர்கள்' என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான் முறை. அப்படிச் சொன்னால் நாலாவது வரியில் அம்மையார் எழும்பி, "காணும், போதும், விடுங்கோ, சோறு ஆறுது" என்று உள்ளே போய்விடுவார். ஆகவே நடுப்பகுதி முழுவதும் இந்த மடல் அவரை 'அவர்' என்றே சொல்லும். வேறு யாரோ ஒருவரின் கதை என்று நினைத்தாவது இருந்து கேட்கட்டும்.

கதை போன வருடம் மார்ச் மாதம் தொடங்குகிறது. அறக்கட்டளைத் தலைவி ஃப்ராவ் எக்கர், பணியாளர் எல்லோரையும் உணவு மண்டபத்துக்கு அழைத்தார். முன்னால் வைத்த கோப்பியைத் தொடவில்லை. கட்டடத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது, கூரை ஒழுகுகிறது, தீப்பிடித்தால் மேல்மாடிப் பிள்ளைகள் இறங்கி ஓட இரண்டாவது படிக்கட்டு இல்லை. இப்படியே தொடர்ந்து நடத்த அனுமதி கிடைக்காது. திருத்த வேலைக்கான செலவில் பாதியை வங்கி தரும். மறுபாதியைப் பழைய மாணவியரும் நண்பர்களும் செப்டம்பர் முடிவதற்குள் தரவேண்டும். தராவிட்டால் கட்டடம் விலைப்படும். மேலே இருந்து பார்த்தால் ஆல்ப்ஸ் தெரிகிறதல்லவா, சொகுசு வீடுகள் கட்ட ஆட்கள் ஏற்கெனவே வந்து அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அறுபத்துநான்கு பிள்ளைகளும் திசைக்கு ஒருவராகப் பிரிந்து போவார்கள்.

தில்லைநாயகிக்கு அப்போதே ஓய்வு வயது ஆகிவிட்டது. டீட்டிகோனில் மகள் சிவகலா ஓர் அறையை ஒழுங்குபண்ணி, திரைச்சீலையும் தைத்துப் போட்டுவிட்டாள். வலது முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை செய்யத் தேதியும் எடுத்தாயிற்று. கூட்டம் முடிந்த கையோடு அவர் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். நாங்கள் எல்லோரும் பாத்திரம் துடைக்கும் பாவனையில் காது கொடுத்து நின்றோம்.

"பிள்ளை, நான் இப்ப வரேல்லை. காலும் கொஞ்சம் பொறுக்கட்டும். பள்ளிக்கூடத்தைப் பூட்டிப்போட்டு என்னாலை வர ஏலாது. ஆராவது ஒருத்தரின்ரை கையிலை ஒழுங்காக் குடுத்துப்போட்டுத்தான் வருவன்."

பூட்டிவிட்டுப் போவதா, கொடுத்துவிட்டுப் போவதா. அந்த வருடம் முழுக்க அவருக்கு இருந்த கேள்வி அது ஒன்றுதான். முழங்கால் வலி இரண்டாம் பட்சம், மகளின் கோபம் மூன்றாம் பட்சம்.

நிதி திரட்டும் வேலைக்கென்று அறக்கட்டளை ஓர் ஆளை அமர்த்தியது. வந்தவர் ராஜசேகரன். சென்னைக்காரர், சூரிச்சில் இருப்பவர், இந்த வேலைக்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவர். ஜெர்மன் மொழியை இலக்கணம் பிசகாமல் பேசுவார். இங்கேயே பிறந்து வளர்ந்த பவதாரணி கூட அவர் முன்னால் ஒருதடவை வாக்கியத்தைத் திருத்திச் சொன்னாள் என்றால் பாருங்கள். 'தமிழ் ஆள் ஒருவரே வந்துவிட்டார், இனி என்ன குறை!' என்று நாங்கள் அன்று பாயாசம் வைத்தோம். அந்தப் பாயாசத்தைப் பற்றிப் பிற்பாடு நாங்கள் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது.

வந்த இரண்டாம் நாளே அவர் தில்லைநாயகியைத் தேடிச் சலவையறைக்கு வந்தார்.

"மேடம், பழைய ஸ்டூடண்ட்ஸ் எல்லாருக்கும் உங்களைத்தான் ஞாபகம் இருக்கு. நீங்க ஒவ்வொருத்தருக்கா ஃபோன் பண்ணி, ஸ்கூலுக்கு ஒரு தொகை குடுங்கம்மான்னு கேட்டா போதும். என்ன பேசணும்னு நான் எழுதியே தர்றேன்."

"நான் கேக்க மாட்டன், தம்பி."

"ஏன் மேடம்?"

"நான் அவையளுக்குச் சோறு போட்டனான். போட்ட கையாலை காசு கேட்டால் சோத்தை வித்த மாதிரிப் போயிடும். சாப்பிட வாங்கோ எண்டு கேக்கச் சொன்னால் கேப்பன்."

"சாப்பாட்டால கூரை போட முடியாது மேடம்!"

"அது எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் தலையணை உறைகளை மடிக்கத் தொடங்கினார்.

பத்து நாள் இந்த இழுபறி. இருவரும் ஒரே நடைபாதையில் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், மற்றவர் கைத்தொலைபேசியைப் பார்ப்பார். கடைசியில் ஃப்ராவ் எக்கர் தீர்ப்புச் சொன்னார். செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு மதிய விருந்து. பழைய மாணவியர் எல்லோருக்கும் அழைப்பு, அழைப்போடு ஒரு பதில் அட்டை. அட்டையில் 'பள்ளிக்கு எப்படித் துணை நிற்பீர்கள்?' என்று ஒரு கேள்வி. விருந்துக்கு வரலாம், பணம் அனுப்பலாம், பழஞ்சாமான் சந்தைக்குப் பொருள் தரலாம் என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. பதிலுக்கு ஒரு வெற்று வரி. அழைப்பின் அடியில் தில்லைநாயகி தம் கைப்பட ஜெர்மனில் எழுதினார்: 'பசியோடு வாருங்கள்.' அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. ராஜசேகரன் திருத்தப் போனார். ஃப்ராவ் எக்கர் விடவில்லை.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சபையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியும். நாளைக்கு இந்த மடல் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும்போது வாசிக்கப் போகிறவர்களுக்குத் தெரியாது.

தொண்ணூற்றுநான்காம் ஆண்டு சலவையறைக்கு வந்தபோது அவருக்கு ஜெர்மன் பத்துச் சொல்தான் தெரியும். முதலாவது விடுமுறை நாளில் நதீன் என்ற பதினொரு வயதுப் பிள்ளை பெட்டியோடு வாசலில் நின்று, 'நான் போறேன்' என்று இந்த ஊர்ப் பேச்சில் சொன்னாள். தெரிந்த பத்துச் சொல்லில் 'போறேன்' ஒன்று. கேட்டதும் கையில் இருந்த கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "போறன் எண்டு சொல்லக்கூடாது, பிள்ளை! வாறன் எண்டு சொல்லு. வாறன்!" பிள்ளை பயந்துபோய்ச் சொன்னாள். பக்கத்தில் நின்றவளும் சொன்னாள். மொழி பழகியதும் அதன் கருத்தையும் சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து இந்நாட்டுப் பிள்ளையோ குடியேறிய வீட்டுப் பிள்ளையோ, 'வாறன்' சொல்லாமல் அந்த வாசலை ஒருத்தியும் தாண்டியதில்லை. சொல்லத் தெரியும், பொருள் தெரியும். எப்படி எழுதுவது என்பது மட்டும் ஒருத்திக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் அதை எழுதிக் காட்டியதே இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் பதில் அட்டைகள் வந்து குவிந்தன. அவற்றைப் பிரித்து, வாசித்து, கணினியில் ஏற்றியவர் ராஜசேகரன். மொத்தம் இருநூற்றெழுபத்துமூன்று. அறுபத்தொரு பேர், வருகிறோம் என்று அழகான ஜெர்மனில் எழுதியிருந்தார்கள். மிச்சம் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் காதில் கேட்டபடி, இந்த நாட்டு எழுத்தில், ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை ஜெர்மன்காரர் 'வாரென்' என்று வாசிப்பார்கள். ஜெர்மனில் அதற்குப் பொருள், சாமான்.

ஐயோ, எங்கள் ராஜசேகரனே! குறிப்பில் பழஞ்சாமான் சந்தை என்று தாமே எழுதியிருந்தாரல்லவா, ஆகவே அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வரவேண்டிய ஓர் இடம் இருந்தது. அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் முப்பது பேர் ஓர் எழுத்தை மாற்றி 'வரான்' என்று எழுதியிருந்தார்கள். ஜெர்மனில் 'வரான்' என்றால் உடும்பு. படித்த பெண்கள் முப்பது பேர், தாங்கள் படித்த பள்ளிக்கு உடும்பு அனுப்பப் போவதாக எழுதினால் யாரும் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார்கள். அவரும் யோசித்தார். யோசித்து, 'ஸ்பெல்லிங் மிஸ்டேக்' என்று முடிவுகட்டி, முப்பதையும் திருத்திச் சாமானில் சேர்த்துவிட்டார்.

தமிழர்தானே, ஒருதடவை வாய்விட்டு வாசித்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். வாசித்தாராம். ஆனால் அவர் ஊரில் 'வர்றேன்' என்பார்கள். யாழ்ப்பாணத்து 'வாறன்' அவர் காதில் தமிழாகவே விழவில்லை. ஆறு மாதம் எங்களோடு இருந்தும் ஏன் விழவில்லை? இதில் எங்கள் குற்றமும் உண்டு, ஒப்புக்கொள்கிறோம். இந்தியத் தமிழர் ஒருவரைக் கண்டால் எங்களுக்கு உடனே நாக்கு மாறிவிடும். "வர்றேங்க, போறேங்க, சாப்டீங்களா" என்று படம் பார்த்துப் பழகிய தமிழில்தான் ஆறு மாதமும் அவரோடு குழைந்தோம். குழையாமல் தம் பேச்சிலேயே நின்றவர் தில்லைநாயகி ஒருவர்தான், அவரோடுதான் இவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் வாசலில் சொல்வதையாவது கேட்டிருப்பார் என்றால், அன்றைக்கு அவர் மூன்று மணி ரயிலைப் பிடித்துப் போய்விடுவார்.

எண்ணிக்கையைச் சொல்ல அவர் சமையலறைக்கு வந்தபோது, பாவம், அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

"அறுபத்தொண்ணு பேர்தான் வர்றாங்க மேடம். மீதி எல்லாரும் பொருளாக் குடுக்கறாங்க. ஹால் முழுக்க மேசை போடணும்."

"சாமானோ?" என்றார் தில்லைநாயகி. "ஆக்கள் வரேல்லையோ? சாமானோ அனுப்பினம்?"

"ஆமா மேடம். டேட்டா அப்படித்தான் சொல்லுது."

அருட்செல்வன் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை அவர் வாங்கித் தாமே நறுக்கினார். யாரையும் பார்க்காமல் சொன்னார்: "கூப்பிட்டது சாப்பிடத்தானே. வீட்டிலை நிக்கிற பழைய விளக்கையும் உடைஞ்ச கோப்பையையும் அனுப்பிவிட்டால் காணும் எண்டு நினைச்சிட்டினம். அவ்வளவுதான் நான்." அவர் மனம் நொந்து நாங்கள் கேட்ட பேச்சு அது ஒன்றுதான்.

அடுத்த நாளிலிருந்து அவர் பூட்டத் தொடங்கிவிட்டார். வேறு எப்படிச் சொல்வது? படுக்கைவிரிப்புகளை எண்ணிக் கட்டினார். எந்தப் பிள்ளையை எந்த விடுதி ஏற்கும், யாருக்குத் தனியறை வேண்டும், யார் இருட்டுக்குப் பயப்படுவாள் என்று பவதாரணியை உட்கார்த்தி வைத்து ஒரு பட்டியல் எழுதுவித்தார். எழுதும்போது பவதாரணி அழுதாள். "அழாமல் எழுது. எழுத்து விளங்கவேணும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. உடற்பயிற்சி மண்டபத்தில் நீள மேசைகள் நாற்பது, வெறுமையாக. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை: விளக்கு, கண்ணாடி, புத்தகம், சமையல் பாத்திரம். வாசலில் சாமான் இறக்க வாடகைக்கு எடுத்த சிறு லொறி. சமையலறையில் எழுபது பேருக்குச் சாப்பாடு, ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தில்லைநாயகி சாம்பல் நிறச் சேலை உடுத்து வாசலில் நின்றார். ராஜசேகரன் விலை ஒட்டும் வில்லைச் சுருளோடு நின்றார்.

பத்தே முக்காலுக்கு மஞ்சள் பஸ் வளைவில் ஏறி வந்தது. கண்ணாடியெல்லாம் முகம். பின்னால் இன்னொரு பஸ். அதற்குப் பின்னால் கார்கள், வரிசையாக, கீழே பால் பண்ணை வரைக்கும்.

முதலில் இறங்கியவர் நதீன். ஆம், தொண்ணூற்றுநான்கில் பெட்டியோடு நின்ற அதே பிள்ளை. இப்போது நாற்பதைத் தாண்டியவர், ஓல்ட்டனில் கூரை போடும் நிறுவனம் நடத்துபவர். கையில் ஒன்றுமில்லை.

"வணக்கம். சாமானை இடப்பக்கம் வைக்கலாம்" என்றார் ராஜசேகரன், குறையற்ற ஜெர்மனில்.

"எந்தச் சாமான்?"

"அட்டையில் எழுதியிருந்தீர்களே, சாமான் என்று."

நதீன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கி, மலை கேட்கக் கத்தினார்: "அம்மா! வாறன்!"

பஸ்சுக்குள் இருந்தவர்களும் கத்தினார்கள். காரிலிருந்து இறங்கியவர்களும் கத்தினார்கள். மருத்துவர்கள், ஆசிரியைகள், தபால்காரி, இன்டர்லாக்கனில் ஹோட்டல் நடத்துபவர், இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருவர், தலை நரைக்கத் தொடங்கிய இன்னொருவர், எல்லோருக்கும் ஒரே சொல். ராஜசேகரன் கையிலிருந்த வில்லைச் சுருள் அவிழ்ந்து தரையில் ஓடிற்று.

"வாறன்... வர்றேன்... அட கடவுளே! வர்றேன்னு எழுதியிருக்காங்க!"

தில்லைநாயகி மெல்லத் திரும்பினார். "தம்பி, இதையோ நீங்கள் சாமான் எண்டு எழுதி வைச்சனீங்கள்?"

"முப்பது பேரை உடும்புன்னு வேற நினைச்சேன், மேடம்" என்றார் அவர், அழுகிற குரலில்.

அப்போது சிரித்தார் பாருங்கள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரிப்போடு அழுதார், அழுதபடியே ராஜசேகரனின் முதுகில் ஒரு அடியும் வைத்தார். இரண்டு வாரமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போவதை நாங்கள் கண்ணால் கண்டோம். எங்களுக்கும் அப்பாடா என்று மூச்சு வந்தது.

வந்த மூச்சு உடனே நின்றது. எழுபது பேருக்குச் சமைத்த வீட்டில் முந்நூறு பேர்!

"ஐயோ, சோறு!" என்று தில்லைநாயகி சமையலறைப் பக்கம் ஓரடி வைத்தார். ஒரு பெண் கட்டிப்பிடித்தார். விலகி இன்னோரடி வைத்தார், இருவர் கட்டிப்பிடித்தார்கள். வாசலில் ஒரு வரிசையே உண்டாகிவிட்டது, விமான நிலையத்தில் கடவுச்சீட்டுப் பார்க்கும் இடத்தில் நிற்பது போல. அங்கிருந்தே எங்களுக்குக் குரல் கொடுத்தார்: "அருட்செல்வன்! பருப்பு!" அதற்கு மேல் கேட்கவில்லை, யாரோ அவர் முகத்தைத் தம் தோளில் அழுத்திக்கொண்டார்.

பவதாரணி மேலங்கியைக் கழற்றி எறிந்தாள். "அண்ணை, களஞ்சியத்திலை அரிசி எவ்வளவு கிடக்கு? லீக்ஸ் முழுக்க எடுங்கோ. பரிமாற நிக்கிற பெரிய பிள்ளையள் எல்லாரும் கை கழுவிப்போட்டு உள்ளுக்கை வாங்கோ!" நாற்பது கிலோ அரிசி உலையில் ஏறியது. பருப்பு வெந்தது. லீக்ஸ் பால்கறி ஒரு பக்கம், உருளைக்கிழங்கு ஒரு பக்கம், அப்பளம் பொரித்துப் பொரித்து அருட்செல்வனின் மூக்குக்கண்ணாடியில் எண்ணெய் படிந்தது. சாமானுக்கென்று போட்ட நாற்பது மேசையும் சாப்பாட்டு மேசையாயின. விளக்கு என்று அட்டை வைத்த மேசையில் சோறு, கண்ணாடி என்று எழுதிய இடத்தில் கறி. ராஜசேகரன் கோட்டைக் கழற்றிவிட்டு வகுப்பறைக் கதிரைகளை நாலு நாலாகத் தூக்கி வந்தார். ஒரு மணிக்குப் பந்தி. வீம்புக்குச் சொல்லவில்லை, முந்நூறு பேரும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

தில்லைநாயகி சமையலறைக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. முன்றானையை இடுப்பில் செருகியபடி வந்தார். அடுப்பு அணைந்திருந்தது. பெரிய பானைகள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"இருந்து சாப்பிடுங்கோ, அன்ரி" என்றாள் பவதாரணி.

அவர் உட்கார்ந்தார். சாப்பிட்டார். "உப்புக் காணும்" என்றார். உப்புப் போதும் என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து பாராட்டு வராது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு ஃப்ராவ் எக்கர் எழுந்து நாலு நிமிடம் பேசினார். யாரும் யாரிடமும் கையேந்தவில்லை. நதீன் எழுந்து, கூரையைத் தம் நிறுவனம் போடும், ஓடும் மரமும் வாங்கும் விலைக்கே வரும், கூலி இல்லை என்றார். ஒரு வழக்கறிஞர் எழுந்தார். இரண்டு சகோதரிகள் கைகோத்து எழுந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர், மாதம் இருபது பிராங்குதான் முடியும், ஆனால் இந்தப் பிள்ளை இங்கே படித்து முடிக்கும்வரை தருவேன் என்றார். தொகையை இங்கே எழுதமாட்டோம், அது சோற்றை விற்ற கணக்காகிவிடும். கூரைக்கும் படிக்கட்டுக்கும் போதும், மிச்சத்துக்குச் சலவையறைக்கு ஒரு புது இயந்திரமும் வரும். ஐந்து மணி பஸ் கிளம்புவதற்குள் பள்ளி பிழைத்துவிட்டது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஃப்ராவ் எக்கர் சபை முன்னிலையில் தில்லைநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு பேரும் வந்தது உங்களுக்காக. இன்னும் இரண்டு வருடம் இருங்கள். நீங்கள் இல்லாமல் இந்தப் பள்ளியை எங்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை" என்றார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. நாங்களும் தட்டினோம். எல்லோரையும் விட உரக்கத் தட்டியவர் ராஜசேகரன்.

தில்லைநாயகி கைதட்டல் ஓயும்வரை நின்றார். பிறகு தம் ஜெர்மனில், பிழையைப் பற்றிக் கவலைப்படாமல் சொன்னார்: "நான் இருந்தால்தான் இது நடக்கும் என்றால், இன்றைக்கு நீங்கள் தந்தது வீண். நாளைக்கு நான் விழுந்தால் பள்ளியும் விழும். இன்று நான் வாசலில் நின்றேன். சமையலறைக்குப் போக நீங்கள் விடவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்ததா, இல்லையா?"

அவர் எங்கள் பக்கம் திரும்பி, தமிழில், சின்னக் குரலில் கேட்டார்: "எனக்கும் கொஞ்சம் காலை நீட்டி ஆறவேணும், பிள்ளையள். போக விடமாட்டீங்களோ?"

முப்பத்தொரு ஆண்டில் தமக்கென்று அவர் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான். நாங்கள் எப்படி இல்லை என்று சொல்வோம்?

நவம்பரில் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. ஆறு வாரம் டீட்டிகோனில் மகள் வீட்டில் இருந்தார். புது விடுதித் தாயாகப் பவதாரணி பொறுப்பேற்றாள். ஜனவரியில் ஊன்றுகோலோடு திரும்பி வந்தவர் நேரே மேல்மாடிக்குப் போனார். அலுமாரிகளைத் திறந்தார். மருந்துப் பெட்டியைப் பார்த்தார். யாருக்குப் பல் வைத்தியர், யாருக்கு அழுகை என்று ஒவ்வொரு பிள்ளையாக விசாரித்தார். ஒரு பிழையாவது அகப்படுமா என்று தேடினார், அதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அகப்படவில்லை. இரண்டு நிமிடம் அவர் முகம் சுருங்கிப் போயிற்று. பிறகு கட்டிலில் மெல்ல உட்கார்ந்து காலை நீட்டி, "சரி" என்றார். அப்படி ஒரு நிம்மதியான 'சரி'யை நாங்கள் யாரிடமும் கேட்டதில்லை.

அம்மா! இனி 'அவர்' வேண்டாம், உங்களிடமே பேசுகிறோம்.

துவைத்தும் துடைத்தும் தூய்மை காத்த தூயவரே! இல்லத்தில் இருந்தவர்க்கும் இல்லம் இல்லாதவர்க்கும் இல்லமாய் இருந்தவரே! உங்கள் புது முழங்கால் பழைய முழங்காலைவிடப் பலகாலம் உழைக்கட்டும். உறக்கம் ஏழு மணி தாண்டியும் நீளட்டும். உங்கள் மகள் வைக்கும் கறியில் நீங்கள் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருக்கும் பொறுமையை ஆண்டவன் அருளட்டும். நூறாண்டு நோயின்றி நீங்கள் நிறைவோடு வாழ, நாங்கள் நாளெல்லாம் நினைந்து வேண்டுகிறோம்.

பாராட்டு மடல்களில் வழக்கமாக, 'நீங்கள் இன்றி நாங்கள் எப்படி இயங்குவோம்' என்று எழுதுவார்கள். அருட்செல்வனும் அப்படித்தான் எழுதியிருந்தார். பவதாரணி வெட்டிவிட்டாள். வெட்டிய இடத்தில் என்ன எழுதுவது என்று மூன்று நாள் எல்லோரும் கூடிக் கதைத்தோம். கடைசியில் உண்மையையே எழுதுவது என்று முடிவு செய்தோம். நீங்கள் கேட்க ஆசைப்பட்டது இதுதான் என்று எங்களுக்குத் தெரியும்.

நீங்கள் இல்லாமலும் இது நடக்கும், அம்மா. போய் ஆறுங்கோ.

இங்ஙனம்,
சமையலறை, சலவையறை, விடுதி, அலுவலகம் ஆகிய நான்கு பகுதிகளின் பணியாளர்களும்,
தாமாகக் கேட்டுக் கையொப்பம் இட்ட ராஜசேகரனும்,
பீர்க்கன்ஹால்டெ, சோலோதுர்ன்.